ஏஐ உதவியாளரைப் புதுச் சேர்வருக்கு மாற்றுமுன் கோப்புகளைப் பிரித்துவையுங்கள்

திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதி என்று வைத்துக்கொள்வோம். அலுவலகக் கணினியில், ஏஐ மாடல்களைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டும் மென்பொருளான ஒல்லாமா ஓடுகிறது. அறை வாடகை, புறாத்தீவுப் படகு விவரம், கோணேஸ்வரத்துக்குப் போகும் வழி எல்லாம் அதற்குக் கொடுத்த ஆவணங்களில் இருக்கின்றன. டெலிகிராமில் யார் கேட்டாலும் அதுவே பதில் சொல்லும். இதை வாடகைச் சேர்வருக்கு மாற்ற வேண்டும். முழு ஹோம் போல்டரையும் அப்படியே தூக்கி அனுப்பாதீர்கள். திரும்ப எடுக்கக்கூடியது எது, போனால் போனதுதான் என்பது எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

மாடல் கோப்பு திரும்ப எடுக்கக்கூடியது. 8 பில்லியன் அளவுருக்கள் (மாடலுக்குள் இருக்கும் எண்கள்) உள்ள மாடல், 4 பிட்டுக்குச் சுருக்கிய வடிவில் சுமார் 5 ஜிபி. அப்லோட் வேகம் செக்கனுக்கு 10 மெகாபிட் என்றால் அதை ஏற்ற ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். சேர்வரிலேயே நேராகத் தரவிறக்குவதுதான் சுகம். ஆனால் மாடல் பெயருக்குப் பின்னால் ‘லேட்டஸ்ட்’ என்று இருந்தால் கவனம்: அது இன்று சுட்டும் கோப்பும் முன்பு சுட்டியதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. ஒல்லாமா பட்டியலில் வரும் ஐடியைக் குறித்துவைத்துப் புதியதோடு ஒப்பிடுங்கள். பைதன் நிரல்மொழியின் வேர்ச்சுவல் என்வயர்மென்டையும், அதாவது மென்பொருள் பொதிகளை நிறுவிவைத்திருக்கும் போல்டரையும், கொண்டுபோக வேண்டாம். அதற்குள் பழைய கணினியின் முழுப் பாதைகள் எழுதப்பட்டிருக்கும். பொதிகளின் பட்டியலை மட்டும் எடுத்துச் சென்று புதிதாக நிறுவுங்கள்.

மிச்சத்துக்கு நான்கு போல்டர் போதும். உதவியாளர் எப்படிப் பேச வேண்டும் என்று எழுதிய அறிவுறுத்தல்கள் ஒன்றில். உரையாடல் வரலாறும் நினைவுக் குறிப்புகளும் இன்னொன்றில். உதவியாளருக்குக் கொடுத்த மூல ஆவணங்கள் மூன்றாவதில். கடவுச்சொற்களும் ஏபிஐ சாவிகளும் (வெளிச் சேவைகளைப் பயன்படுத்த வழங்குநர் தரும் இரகசியக் குறியீடுகள்) நான்காவதில்; அந்தக் கோப்புகளுக்கு, உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் கூடிய 600 அனுமதி. சாவிகளை அறிவுறுத்தல் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்தக் கோப்பைப் பேக்கப் எடுக்கும்போதெல்லாம் சாவியும் கூடவே போகிறது.

தமிழ் ஆவணங்கள்தான் அதிக வேலை வாங்குபவை. இலங்கையில் பழைய கடிதங்கள், விலைப்பட்டியல்கள் பல பாமினி எழுத்துருவில் அடித்தவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். ‘அம்மா’ என்ற சொல் கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். இதை அப்படியே தேடல் அட்டவணையில் ஏற்றினால் உதவியாளருக்கு ஒன்றும் விளங்காது. கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாத பத்தியைத் தூக்கிக்கொண்டு வரும். எல்லாவற்றையும் பொதுத் தரமான யூனிகோடு எழுத்து முறைக்கு மாற்றிவிட்டே அட்டவணை போடுங்கள். மாற்றிய பிறகு ஒரு பக்கத்தையாவது கண்ணால் வாசித்துப் பாருங்கள். தமிழோடு ஆங்கிலம் கலந்த வரிகளில் ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து சிதைந்திருக்கும்.

கோப்புப் பெயரிலும் இரண்டு பொறி உண்டு. புதுச் சேர்வரில் ஓடுவது லினக்ஸ் என்றால், அதன் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ‘திருகோணமலை’ என்ற ஒரு சொல்லுக்கே 30 பைட் போய்விடும். விண்டோஸில் பிரச்சினையில்லாமல் இருந்த நீளப் பெயர், இங்கே ‘பெயர் நீளம் அதிகம்’ என்ற பிழையோடு நின்றுவிடும். மற்றது, ‘கோ’ போன்ற எழுத்துகளின் ஓகாரக் குறி. அதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், லினக்ஸுக்கு வேறு வேறு கோப்புகள். ‘கோப்பு இல்லை’ என்று வரும். கோப்போ முன்னாலேயே இருக்கும். எல்லாப் பெயர்களையும், இப்படிப் பிரிந்தவற்றை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். என்னைக் கேட்டால், கோப்புப் பெயரைச் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் வைத்து, தமிழ்த் தலைப்பை உள்ளே எழுதுவதுதான் நல்லது.

உரையாடல் வரலாறு எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளக் கோப்பில் இருந்தால், உதவியாளர் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கோப்பை மட்டும் கொப்பி எடுக்காதீர்கள். கடைசியாக எழுதியவை பக்கத்தில் உள்ள டபிள்யூஏஎல் துணைக் கோப்பில் இன்னும் இருக்கக்கூடும். எஸ்க்யூலைட்டின் பேக்கப் கட்டளையால் எடுங்கள், அல்லது சேவையை நிறுத்திவிட்டு எடுங்கள். ஆவணங்களை எண்களாக மாற்றித் தேடலுக்கு வைத்திருக்கும் வெக்டர் களஞ்சியத்தைக் கொண்டுபோவதானால், அப்படி எண்களாக்கிய அதே எம்பெடிங் மாடல் அங்கேயும் வேண்டும். எம்பெடிங் மாடலை மாற்றினால் பழைய எண்களுக்கும் புதியவற்றுக்கும் பொருத்தமே இருக்காது, எல்லா ஆவணத்தையும் மறுபடி ஏற்றத்தான் வேண்டும்.

அனுப்ப, கணினிகளுக்கிடையே கோப்புகளைக் கொப்பி எடுக்கும் ஆர்சிங்க் கட்டளை போதும். முதலில், உண்மையில் எதையும் அனுப்பாத ட்ரை-ரன் தெரிவோடு ஓட்டி என்ன போகப்போகிறது என்று பாருங்கள். மூல போல்டரின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். போடாவிட்டால் போல்டரே போய், போல்டருக்குள் போல்டராக உட்கார்ந்துவிடும். மாரி காலத்தில் இடி மின்னலோடு கரண்ட் போகும், அதனால் பார்ஷியல் தெரிவையும் சேருங்கள். பாதியில் நின்ற பெரிய கோப்பு அழியாமல் இருக்கும். முடிந்ததும், கோப்புகளின் உள்ளடக்கத்தையே ஒப்பிடும் செக்சம் தெரிவோடு இன்னொருமுறை ஓட்டி, மிச்சம் ஒன்றும் இல்லை என்று உறுதிசெய்யுங்கள்.

புதுச் சேர்வரின் நேரவலயம் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். காலை 6 மணிக்குப் போக வேண்டிய படகு நினைவூட்டல் 11.30க்குப் போனால் யாருக்கும் பிரயோசனமில்லை. ஏசியா/கொழும்பு என்று மாற்றுங்கள். ஒல்லாமாவின் 11434 வாசலை (போர்ட்) இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். அதற்கென்று கடவுச்சொல் கேட்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. வெளியிலிருந்து பார்க்க வேண்டுமானால் எஸ்எஸ்எச் சுரங்கம் (மறைகுறியாக்கிய இணைப்பு) வழியாகப் பாருங்கள்.

மாற்றும் நேரத்தில் பழைய சேவையை முதலில் நிறுத்திவிட்டே புதியதைத் தொடங்குங்கள். ஒரே டெலிகிராம் பொட்டுக்கு (தானாகப் பதில் சொல்லும் கணக்கு) புதுச் செய்தி வந்ததா என்று இரண்டு இடத்திலிருந்து கெட்அப்டேட்ஸ் முறையில் கேட்டால் 409 பிழை வரும், செய்திகள் அங்கும் இங்குமாக விழும். விடை தெரிந்த சில கேள்விகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கேட்டு, பழைய பதில்களோடு ஒப்பிடுங்கள். எல்லாம் சரி என்றான பிறகு புதிய ஏபிஐ சாவிகளை எடுத்துப் போட்டுவிட்டு, பழையவற்றை வழங்குநரின் பக்கத்திலேயே இரத்துச் செய்யுங்கள். பழைய கணினியில் கோப்பை அழித்தால் மட்டும் சாவி செத்துப்போகாது.