கடை விறாந்தை: ஐப்பசி, கார்த்திகை 2024

27.10.2024
என் தையல் கடை விறாந்தையில் படுக்கிற பெடியள் இருவரில் பெரியவன் இன்றும் வரவில்லை. சின்னவன் மட்டும் விறாந்தையில் படுத்திருக்கிறான். தூவானம் உள்ளே அடிக்கிறது. தறப்பாளை இழுத்துக் கட்டிவிட்டு வந்தேன்.

29.10.2024
மண் ஏற்றப் போயிருப்பார் என்கிறான் சின்னவன். கனகராயன் ஆற்றில் இரவில் அள்ளுகிற வேலை. டிப்பர்க்காரனுக்குப் பெடியளின் பெயர் வேண்டாம், அடையாள அட்டை வேண்டாம், முதுகு இருந்தால் போதும். பொலிஸ் வந்தால் அவன் ஓடிவிடுவான், இவர்கள்தான் பிடிபடுவார்கள். ஆனால் மழை இறங்கி ஆறு பெருகினால் அந்த வேலையும் நின்றுவிடும். அப்போது திரும்பி வரத்தானே வேண்டும்.

31.10.2024
தீபாவளி. சின்னவனுக்கு ஒரு சேட் தைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தான், கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டான். "அண்ணை வந்தாப்பிறகு போடுறன் அன்ரி." இருவரும் கூடப்பிறந்தவர்கள் இல்லை. ஒரே சிறுவர் இல்லத்தில் வளர்ந்தவர்கள். 18 முடிந்ததும் பெரியவனை வெளியே விட்டார்கள். கொஞ்ச நாளில் இவன் மதில் பாய்ந்து அவன் பின்னால் வந்துவிட்டான்.

3.11.2024
பக்கத்துக் கடைக்காரர் மறுபடியும் சொன்னார்: "சிறுவர் நன்னடத்தைக் கந்தோருக்கு அறிவியுங்கோ, பிறகு உங்களுக்குத்தான் கரைச்சல்." சட்டப்படி அவர் சொல்வது சரி. 15 வயதுப் பிள்ளை. 16 வரைக்கும் பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டியவன். அறிவித்தால் வந்து கூட்டிப்போவார்கள். அவன் திரும்பவும் பாய்வான். ஆனால் இந்த முறை என் விறாந்தைக்கு வரமாட்டான். வேறெங்கே போவான்? ஐஸ் என்கிற போதைப்பொருள் விற்கிறவனுக்கு இப்படித் தேடுவார் இல்லாத பெடியள்தான் வேண்டும். கொண்டுபோய்க் கொடுக்க ஒரு கை, பிடிபட்டால் கேட்க ஒருவரும் இல்லை. அறிவிக்காமல் வைத்திருந்தால் அவனுக்குப் படிப்பு இல்லை. அறிவித்தால் அவனே இல்லை. இரவு முழுக்க இதுதான் ஓடுகிறது. பெரியவன் இருந்தால் அவனோடு கதைத்திருப்பேன். அவன் சொன்னால் இவன் பள்ளிக்கூடமும் போவான், இல்லத்துக்கும் போவான்.

4.11.2024
மழை. ஒரு சட்டை கூடத் தைக்க வரவில்லை.

9.11.2024
சின்னவனின் அடையாள அட்டை விஷயமாகப் போனேன். பள்ளிக்கூடத்தில் படித்தால் அதிபர் ஊடாக எடுக்கலாம், இல்லாவிட்டால் கிராம அலுவலரான விதானையாரின் கையெழுத்து வேண்டும். விதானையார் பிறப்புப் பத்திரத்தையும் விலாசத்தையும் கேட்டார். 2009 மாசியில் புதுக்குடியிருப்புப் பக்கம் பங்கருக்குள் பிறந்த பிள்ளை. செல் விழுந்துகொண்டிருந்தபோது யார் பதிவுக்குப் போனார்கள்? காலங்கடந்த பதிவு செய்யலாமாம், சத்தியக்கடதாசி வேண்டுமாம். பிறந்ததைப் பார்த்தவர்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று சின்னவனுக்கே தெரியாது.

14.11.2024
பாராளுமன்றத் தேர்தல். என் விரலில் மையைப் பார்த்துவிட்டுச் சின்னவன் கேட்டான்: "அண்ணைக்கு 19 தானே, அவரும் போடலாமோ?" வாக்காளர் இடாப்பில் பெயர் வருவதற்கு முதலில் ஒரு வீடு வேண்டும்.

பெரியவனுக்கு ஊர் இல்லாமல் இல்லை. அம்மம்மாவின் காணி கேப்பாப்புலவில் இருக்கிறது, இன்னும் இராணுவ முகாமுக்குள். 2012 புரட்டாதியில் மெனிக் பாம் அகதி முகாமை மூடியபோது கடைசியாக ஏற்றிய சனத்தில் அந்தக் கிழவியும் அவனும். ஊருக்கென்று ஏற்றி, சீனியாமோட்டைக் காட்டில் இறக்கினார்கள். 2017 பங்குனியில் பக்கத்துப் பிலக்குடியிருப்பை இராணுவம் விட்டது. "அடுத்தது நாங்கள்தான்" என்று கிழவி சட்டி பானை எல்லாம் கட்டி வைத்தாவாம். அவ செத்த பிறகு, இறக்கிய இடத்தில் அமைத்த மாதிரிக் கிராமத்து வீடு மாமனிடம் போனது, பெடியன் இல்லத்துக்குப் போனான். கிணறும் மாமரமும் எந்தப் பக்கம் என்று அவன் எனக்குக் கடதாசியில் கீறியே காட்டியிருக்கிறான். அந்தக் காணியை விட்டிருந்தால் இவன் ஏன் ஆற்றில் மண் அள்ளப் போகிறான்?

16.11.2024
பெரியவனின் போன் ஓஃப்.

20.11.2024
கார்மென்ற்ஸில் வேலை செய்கிற பிள்ளை ஒன்று சாறி பிளவுஸ் தைக்க வந்தது. அதுவும் இல்லத்தில் வளர்ந்ததுதான். அடுத்த மாதம் கலியாணமாம். ஆளைப் பற்றிக் கேட்டேன், வடிவாகத் தெரியாதாம். "இருக்க இடம் வேணும்தானே அக்கா." அளவு எடுக்கும்போது எனக்குக் கை ஓடவில்லை.

பொம்பிளைப் பிள்ளைகள் கடை விறாந்தையில் படுப்பதில்லை. அதனால் அவர்களுக்கு வீடில்லை என்பது யாருடைய கண்ணிலும் படுவதில்லை. போர்டிங், தெரிந்தவர் வீட்டுக் குசினி, பிறகு அவசரக் கலியாணம். அந்த மனுசன் நல்லவனாக இருக்கவேண்டும்.

26.11.2024
விடிய விடிய மழை. உயர்தரப் பரீட்சை நேற்றுத்தான் தொடங்கியது, நாளையிலிருந்து நிறுத்தமாம்.

27.11.2024
மாவீரர் நாள். போரில் செத்த போராளிகளுக்கு விளக்கேற்ற, நனைந்துகொண்டே கிளிநொச்சி கனகபுரம் துயிலுமில்லத்துக்குப் போனேன். சின்னவனும் வந்தான். "நான் ஆருக்கு ஏத்துறது அன்ரி?" என் அண்ணாவுக்கு ஏற்றச் சொன்னேன். காற்றில் அணைய அணைய ஏற்றினான்.

28.11.2024
விறாந்தைக்குள் வெள்ளம். சனம் தங்கியிருக்கிற பள்ளிக்கூடத்துக்குச் சின்னவனைக் கூட்டிப்போனேன். சாப்பாட்டுப் பார்சல் குடும்பக் கணக்கில் கொடுக்கிறார்கள். எந்தப் பிரிவு, எந்த வீடு, குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். பட்டியலில் இல்லாதவருக்குக் கொடுக்க முடியாதாம். வெள்ளத்தில் வீட்டை விட்டு வந்தவர்களுக்குத்தான் நிவாரணம், வீடே இல்லாதவன் எதை விட்டு வந்ததென்று காட்டுவான்? அந்த இடத்திலேயே கத்திவிட்டேன். கைக்குழந்தையோடு இருந்த ஒரு தாய் தன் பார்சலைப் பிரித்து அவன் பக்கம் தள்ளினாள். பட்டியல் எழுதிய பெடியன் தலை நிமிரவில்லை. அவனும் பாவம், மேலிடம் தந்த படிவத்தை நிரப்புகிறான்.

30.11.2024
விதானையார் திங்கள் வரச் சொல்லியிருக்கிறார். என் வீட்டுப் பதிவில் சின்னவனைச் சேர்க்கக் கேட்டிருக்கிறேன், நன்னடத்தைக்கும் நானே அறிவித்து என்னிடம் விடச் சொல்லிக் கேட்கப்போகிறேன். பெரியவனையும் சேர்க்கலாமா என்றதற்கு, ஆள் நேரில் வரவேண்டும் என்றார்.

பின்னேரம் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு. மழைச் சத்தத்தில் "வவுனியா" என்பது மட்டும் கேட்டது. அவன் குரலா என்று சொல்லமுடியவில்லை. திருப்பி எடுத்தால் போகவில்லை. விடிய முதல் பஸ்ஸில் போகிறேன் என்று சின்னவன் நிற்கிறான், தீபாவளிச் சேட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு. தனியே விடமாட்டேன். நானும் போகிறேன்.