சமையல் மேடைக்கு மூன்று இஞ்ச் கனம் எதற்கு?

பழைய கடப்பாக் கல்லை எடுத்துவிட்டு, மேலே கிரானைட்டும் ஒட்டாமல், கான்கிரீட்டையே வழவழவென்று தேய்த்து மேடையாக விட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். மேஸ்திரி உடனே, "மூணு இஞ்ச் போட்டுடலாம் சார், கனமா இருந்தாத்தான் நிக்கும்" என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஏனென்றால் எங்கள் பழைய வாடகை வீட்டு மேடையும் மூன்று இஞ்ச்தான், அது சிங்க் மூலையில் குறுக்காக விரிசல் விட்டுக் கிடந்தது. அங்கே குறைந்தது கனம் இல்லை, மூலைக் கம்பி.

கணக்குப் போட்டேன். கம்பி கட்டிய கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2500 கிலோ. 10 அடிக்கு 2 அடி மேடை 3 இஞ்சில் ஏறக்குறைய 350 கிலோ வரும், 2 இஞ்சில் 235. (18 மி.மீ. கிரானைட் இதே அளவுக்கு 90 கிலோதான்.) கீழே இரண்டரை அடிக்கு ஒரு செங்கல் சுவர் தரையிலிருந்தே எழும்பி நிற்பதால் எதைப் போட்டாலும் தாங்கும், ஆனால் கிரைண்டர் ஓடும்போது அதிராமல் இருக்க 2 இஞ்சே போதும். ஜல்லியின் அளவு, மேடைக் கனத்தில் கால்வாசிக்கு மேல் போகக் கூடாது, அதனால் முக்கால் இஞ்ச் ஜல்லி வேண்டாம் என்று சொல்லி 6 மி.மீ. சிப்ஸ் (பொடி ஜல்லி) வாங்கினேன். சிங்க் ஓட்டையின் நான்கு மூலையிலும் குறுக்கே கம்பித்துண்டு வைக்கச் சொன்னேன்.

மாடி பாத்ரூம்தான் யோசிக்க வைத்தது. வாஷ்பேசின் மேடை 4 அடிக்கு ஒன்றரை அடி, கீழே சுவர் கிடையாது, ஏஏசி பிளாக்கில் (உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த லேசான சுவர்க்கல்) முடுக்கிய இரும்பு பிராக்கெட்தான். அதில் 3 இஞ்ச் என்றால் நூறு கிலோவுக்கு மேல், அதோடு யாராவது கையை ஊன்றுவார்கள், குழந்தை ஏறி உட்காரும். அந்த பிளாக் மிருதுவானது, திருகு இளகிவிடும். அதனால் ஜல்லிக்குப் பதில் சுட்டு உப்பவைத்த களிமண் உருண்டை (தொட்டிச் செடிக்குப் போடுவார்களே, அதேதான்) கலந்து ஒன்றரை இஞ்சில் தனியாக வார்த்தோம். 40 கிலோவுக்குள் முடிந்தது. பிராக்கெட்டையும் சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து போல்ட் போட்டுவிட்டோம்.

லேசான கான்கிரீட் தண்ணீரை அதிகம் குடிக்கும், சீலர் (துளைகளை அடைக்கும் மேல்பூச்சு) அவசியம். சமையலறையிலும் அப்படித்தான், புளியும் எலுமிச்சையும் சிமெண்டை அரிக்கும், மஞ்சள்தூள் கறை லேசில் போகாது. பாத்ரூம் கழுவும் ஆசிட்டை அந்த மேடைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.