வரலாறு எம்.ஏ.வுக்குப் பின்: நெட், எழும்பூர் ஆவணங்கள், வேலை

எம்.ஏ.வில் பொதுப் பிரிவினருக்கு 55 சதவீதம் இல்லையென்றால் கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட்டின் கதவு திறக்காது. முதலாண்டு மதிப்பெண்ணை அலட்சியமாக விட்டவர்கள் கடைசியில் தவிப்பது இதனால்தான். தேர்வு மூன்று மணி நேரம், 150 கேள்வி, 300 மதிப்பெண். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஒன்றையும் விடாமல் குறியுங்கள். நன்றாகப் படித்தவர்களே சறுக்குவது கற்பித்தல், ஆய்வுத் திறனைச் சோதிக்கும் முதல் தாளில். அந்த 100 மதிப்பெண்ணைப் ‘பொது அறிவுதானே’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நெட்டில் முன்னிலை பெறுவோருக்கான ஆய்வு உதவித்தொகை, அதாவது ஜே.ஆர்.எஃப்., கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அது கைக்கு வந்தபிறகே முனைவர் பட்டத்தில் இறங்குவது நல்லது.

ஆய்வுத் தலைப்பைப் பதிவதற்கு முன்பே எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போய்வாருங்கள். துறையின் பரிந்துரைக் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். குறிப்பெடுக்கப் பென்சில்தான், மை வேண்டாம்.

அங்குள்ள பழைய சென்னை மாகாண அரசாணைகளுக்கு (ஜி.ஓ.) ஆண்டுவாரியாக, துறைவாரியாக ஆங்கில அட்டவணைத் தொகுதிகள் உண்டு. அவற்றில் தஞ்சாவூரைத் தேடினால் கிடைக்காது, ‘டாஞ்சூர்’ என்றிருக்கும். திருநெல்வேலி ‘டின்னவெல்லி’, திருச்சி ‘டிரிச்சினோபொலி’. ஜி.ஓ. எண்ணை மட்டும் எழுதிவந்தால் வீண். துறை, தேதி இரண்டும் சேர்ந்தால்தான் கோப்பை எடுக்க முடியும். நூறாண்டு தாண்டிய தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும். மூலையைப் பிடித்துப் புரட்டாதீர்கள், அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் திருப்புங்கள். மிகவும் சிதைந்த கட்டு வாசகர் கைக்கு வராமலே போகலாம். தலைப்புக்கு உயிரான நான்கைந்து கோப்புகளையாவது கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் பதியுங்கள். பதிந்தபின் ஆதாரம் இல்லை என்று தெரிந்தால் ஓராண்டு போய்விடும். பழைய தமிழ் இதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது.

வேலை என்று வரும்போது, அரசுப் பள்ளி முதுநிலை ஆசிரியர் பணிக்கு பி.எட். கட்டாயம். பி.ஏ.வும் வரலாறாகவே இருக்கவேண்டும். வேறு பாடத்திலிருந்து தாவியவர்கள் சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்கிறார்கள். ஆவணக் காப்பாளர் ஆக விரும்பினால் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஓராண்டுப் பட்டயம் இருக்கிறது. தொல்லியலுக்குக் கிரேட்டர் நொய்டாவில் இரண்டாண்டுப் பட்டயம். கல்வெட்டுப் பக்கம் போக ஆசையா? எம்.ஏ. படிக்கும்போதே தமிழி (தமிழ் பிராமி), வட்டெழுத்து, கிரந்தம் ஆகிய மூன்று பழைய எழுத்துகளையும் மைப்படி (கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையிட்டு எடுத்த படி) வைத்து வாசித்துப் பழகுங்கள்.