மொட்டைப் பாறையும் 120 ரோலும்

மீடியம் பார்மெட் கேமரா, அதாவது வழக்கமான 35 மி.மீ.யை விடப் பெரிய ஃபிலிம் போடுகிற கேமரா, வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான், அதனால் நிதானம் வரும், பொறுமை வரும், பார்வை மாறும் என்று. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. நிதானம்தான் வேண்டும் என்றால் போனிலேயே பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்ளலாமே, யார் தடுத்தது? இந்தக் கனமான பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் குன்று குன்றாக நான் ஏறுவதற்குக் காரணம் எங்கள் ஊர்ப் பாறை. அவ்வளவுதான்.

பெங்களூர் சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தப் பக்கம் பார்க்க ஒன்றும் இருக்காது. மொட்டைக் குன்றுகள், உருண்டைக் கற்கள், நடுநடுவே மாந்தோப்பு, அங்கங்கே கிரானைட் குவாரி வெட்டிய வெள்ளைத் தழும்பு. ஆனால் கருங்கல் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிற அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். மழைநீர் வழிந்து வழிந்து ஏற்பட்ட கறுப்புத் தாரை, பாசி காய்ந்து ஒட்டிக்கொண்ட சாம்பல் திட்டு, மேல் ஏடு பெயர்ந்து புதுக்கல் தெரிகிற வெளுப்பு, வெயில் சாய்வாக விழும்போது மட்டும் கண்ணில் படுகிற பொடி மினுமினுப்பு. ஒரே பாறையில் இத்தனை சாம்பல் நிறம். 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்துப் பெரிதாக்கினால், கல்லின் பொடி எது, ஃபிலிமிலேயே இருக்கிற பொடி (கிரெயின்) எது என்றே தெரியாமல் எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும். என் கேமராவின் 6x6 செ.மீ. நெகட்டிவ் உண்மையில் 56 மி.மீ. சதுரம், அதாவது பரப்பளவில் 35 மி.மீ. சட்டத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். டிஜிட்டலில் மீடியம் பார்மெட் என்று விற்கிற ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் சென்சார்கூட 44x33 மி.மீ.தான். அது மட்டமான கேமரா என்று சொல்லவில்லை, என் பட்ஜெட்டுக்கு எட்டாத கேமரா என்றுதான் சொல்கிறேன். இதற்குப் போடுகிற 120 என்ற அகல ஃபிலிம் ரோல் கோடாக் 1901-ல் கொண்டு வந்தது, இன்னும் அதே அளவில் கிடைக்கிறது.

என்னிடம் இருப்பது யாஷிகா மேட் 124ஜி. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ், குனிந்து பார்க்கிற வகை. கீழ்க்கண்ட படங்கள் எல்லாம் அதில் எடுத்தவை, ஃபிலிம் இல்ஃபோர்டு ஹெச்பி5, வேகம் (ஐஎஸ்ஓ) 400, கறுப்பு வெள்ளை.

முதல் படம் மல்லச்சந்திரத்துக் கல்திட்டை. கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூர் போகும் சாலையை விட்டு உள்ளே போக வேண்டும். பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள், ஒரு பாறைக் குன்றின் மேல் பரவிக் கிடக்கின்றன. பாண்டவர் வீடு என்கிறார்கள் ஊரில். பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு மூடுகல். சிலவற்றில் முன்பலகையில் வட்டமாக ஒரு துளை, செதுக்கிய விளிம்பு இன்னும் சீராக இருக்கிறது. நான் எடுத்தது அந்தத் துளையோடு சேர்த்து. வெளியே பாறை சுண்ணாம்பு மாதிரி எரிகிறது, துளைக்குள் கும்மிருட்டு. மீட்டரை உள்ளே நீட்டி இருட்டை அளந்து, அதில் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுத்தேன் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதி), டெவலப் செய்யும்போது நேரத்தையும் கொஞ்சம் குறைத்தேன். அதனால்தான் உட்சுவரின் சொரசொரப்பும் தெரிகிறது, வெளிப்பாறையும் வெளுத்துப் போகவில்லை. போகஸ் பற்றி ஒரு நண்பர் கேட்டிருந்தார். 80 மி.மீ. லென்ஸில் எஃப்/16 (லென்ஸ் துளையை நன்றாகச் சுருக்கிய அளவு) வைத்து எட்டு மீட்டரில் போகஸ் நிறுத்தினால் நாலு மீட்டரில் இருந்து அடிவானம் வரை தெளிவாக வரும். பாறை வெளியில் பெரும்பாலும் எனக்கு அந்த ஒரு கணக்கே போதும்.

நம்ம ஊர் உச்சி வெயிலில் இந்தக் கேமராவோடு ஒரு ரோதனை உண்டு. ஷட்டர் 1/500-க்கு மேல் போகாது. 400 ஃபிலிம் போட்டால் எஃப்/16-ல் போய் முட்டிக்கொண்டு நிற்கும், அதற்கு மேல் துளையைத் திறக்க வழியில்லை. மஞ்சள் ஃபில்டர் போட்டால் ஒரு ஸ்டாப் கிடைக்கும், வானமும் கொஞ்சம் கருக்கும். மார்கழி, தை என்றால் வானம் நீலமாக இருக்கும், மேகம் பிரிந்து நன்றாக வரும். சித்திரையில் வானமே வெள்ளைத் துணி விரித்தாற்போல் இருக்கும்போது ஆரஞ்சு ஃபில்டர் போட்டாலும் பலன் இல்லை. அந்த மாதங்களில் நான் வானத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுவேன்.

அடுத்த இரண்டும் ஒகேனக்கல். அருவியை எப்போதும் பால் ஊற்றியதுபோல் வழவழவென்று நீண்ட எக்ஸ்போஷரில் எடுக்கிறார்கள், எனக்குப் பிடிப்பதே இல்லை. காவிரி அங்கே அப்படி விழுவது கிடையாது. பாறையில் முட்டி, பிளந்து, எகிறி விழுகிறது. 1/125-ல் எடுத்தால் அந்த எகிறல் அப்படியே நிற்கும், லேசாக இழுத்த தடமும் இருக்கும். இரண்டாவது படத்தில் இடது மூலையில் வழவழப்பாகக் கறுத்துத் தெரிவது தண்ணீர் தேய்த்த பாறை, அதன் மேல் துளி துளியாக ஈரம். அந்தத் துளிகளுக்காகத்தான் அந்தப் படம் இங்கே இருக்கிறது.

மூன்றாவது படத்துப் பரிசல்காரர் என்னை வெகுநேரமாகக் கவனித்துக்கொண்டிருந்தவர். "என்னங்க சார், பொட்டிக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு என்னத்த பாக்குறீங்க?" என்றார். பாருங்கண்ணா என்று நீட்டினேன். கண்ணாடியில் ஆற்றைப் பார்த்தவர், தலையை அசைத்து அசைத்து, எதிரே வந்த பரிசலைப் பிடிக்கப் பார்த்தார். பிம்பம் இடவலம் மாறி ஓடும் இல்லையா, அவர் வலது பக்கம் திருப்பினால் பரிசல் தப்பித்துப் போகிறது. "அவன் துடுப்ப வலக்கையில போட்டா இதுல இடக்கையில போடுதுங்களே, இத வெச்சு எப்படிங்க சமாளிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, எடுங்க என்று பரிசலுக்குப் போய் உட்கார்ந்தார். வட்டப் பரிசலுக்குச் சதுரச் சட்டம் எப்படிப் பொருந்துகிறது பாருங்கள், எதையும் வெட்ட வேண்டியதில்லை. (போகிறவர்களுக்கு: கர்நாடகத்தில் அணை திறந்து, எல்லையில் காவிரி நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறிவிட்டால் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போட்டுவிடுவார்கள். கிளம்பும் முன் செய்தி பார்த்துவிடுங்கள்.)

டெவலப் செய்வது வீட்டுக் குளியலறையில். கறுப்பு வெள்ளைக்கு 20 டிகிரி வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருப்பார்கள், எழுதியவர்கள் எங்கள் மொட்டைமாடி டேங்கைப் பார்த்ததில்லை. வெயில் காலத்தில் ஐஸ் கட்டி போட்ட பேசினில் டெவலப்பர், ஃபிக்சர், அலசும் தண்ணீர் மூன்றையும் ஒன்றாக உட்கார வைத்துத்தான் ஆரம்பிக்கிறேன். தண்ணீர் இன்னொரு தலைவலி. போர்வெல் தண்ணீரில் அலசினால் காய்ந்தபின் நெகட்டிவில் வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளி நிற்கும். அது போதாதென்று இந்த மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடும் அதிகம், பல் கறை, எலும்பு வளைவு என்று தலைமுறையாகப் பார்த்த ஊர்கள் இருக்கின்றன, அதற்காகத்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்தக் குழாயில் தண்ணீர் வருகிற நாளாகப் பார்த்து ஃபிலிம் கழுவுகிறேன். ஒகேனக்கல் ரோலை ஒகேனக்கல் தண்ணீரிலேயே கழுவுகிறேன் என்று வீட்டில் கிண்டல் வேறு. கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர்.

"கடைசில எல்லாரும் போன்லதானடா பாக்கப் போறாங்க" என்று ஒருவன் கேட்டான். சரிதான். போனில் பார்த்தால் இந்தப் படங்களுக்கும் மற்றதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, அதை மறுக்கவில்லை. ஆனால் 2400 டிபிஐ (அங்குலத்துக்கு 2400 புள்ளி) ஸ்கேனில் பக்கத்துக்குச் சுமார் 5,300 பிக்சல் வருகிறது, 17 அங்குலச் சதுரத்துக்கு இழுக்காமல் பிரிண்ட் போடலாம். கல்திட்டைப் படத்தை அந்த அளவில் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன், வருகிறவர்கள் மூக்கு படுகிற தூரத்துக்குப் போய்ப் பார்க்கிறார்கள்.

கலரில் ஏன் எடுப்பதில்லை என்றும் கேட்கிறீர்கள். ராயக்கோட்டைப் பக்கத்துச் சாமந்தித் தோட்டம், தை மாசியில் மாம்பூ, இரண்டுக்கும் கலர் ரோல் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். கலர் ஃபிலிம் கழுவுகிற சி-41 முறையின் டெவலப்பருக்கு 38 டிகிரி வேண்டும். எடுத்த ரோலைச் சித்திரை வரை வைத்திருந்தால் ஹீட்டர் செலவு மிச்சம், டேங்க் தண்ணீரே கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் வரும்.