கழுத்தடியில் தெரிந்த மெல்லிய கோடு

சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்து மண்சாலைகளில் பல ஆண்டுகள் ஓடிய என் அண்ணனின் அலுமினிய சைக்கிளைக் கழுவியபோது, கைப்பிடிக் கழுத்தும் கீழ்க்குழாயும் சேரும் பற்றவைப்பின் ஓரத்தில் முடியளவு கோடு ஒன்றைக் கண்டேன். நகத்தால் வருடினேன், தட்டியது. பெயின்ட் வெடித்திருந்தாலும் நகம் தட்டும் என்பதால் அதை மட்டும் நம்பவில்லை. உப்புத்தாளால் தேய்த்தால் மென்மையான அலுமினியம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும். ஆகவே பெயின்ட் கழற்றும் மருந்தைத் தடவி எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கு நீங்கத் துடைத்து, விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தைத் தெளித்து 10 நிமிடம் விட்டேன். மேலே தங்கிய சாயத்தைத் துடைத்து வெள்ளைப் பூச்சைத் தெளித்ததும், வெண்மையின் நடுவே சிவப்புக் கோடு மெல்லக் கசிந்து எழுந்தது. மனம் கனத்துப்போனது.

“பற்றவைத்துவிடலாம் தம்பி” என்றார் பட்டறை அண்ணன். ஆனால் இது 6061 டி6 வகை, அதாவது சூடேற்றிப் பலமூட்டிய அலுமினியக் கலவை. பற்றவைக்கும் சூட்டில் சுற்றியுள்ள உலோகம் தன் பலத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும். அதை மீட்க, பிரேம் முழுவதையும் ஏறத்தாழ 530 பாகை செல்சியசுக்குச் சூடேற்றி, உடனே குளிர்வித்து, பிறகு சுமார் 175 பாகையில் பல மணி நேரம் வைக்க வேண்டும். விரிசலின் முனையில் துளையிடுவது அதன் ஓட்டத்தைச் சற்றுத் தாமதப்படுத்தலாம். முன்சக்கரத்தின் அதிர்வு முழுவதையும் தாங்கும் கழுத்தில் அதை நான் ஏற்கமாட்டேன்.

சக்கரங்களையும் பிரேக்கையும் கழற்றி வைத்திருக்கிறேன். பழைய அலுமினிய சைக்கிள் வைத்திருப்பவர்கள் கழுத்தடியையும், மிதியச்சைச் சுற்றியும், இருக்கைக் குழாயின் மேல்வெட்டையும் இன்றே விளக்கடித்துப் பாருங்கள்.