கிமோனோ இல்லாத மாலைகள்: ரியோவில் கற்ற எக்ஸ் கார்ட் ஸ்வீப்

ஜனவரி மாதத்து ரியோ டி ஜெனிரோவில் வெயில் இறங்கிய பிறகும் புழுக்கம் இறங்குவதில்லை. அந்தப் புழுக்கத்திலும் கனத்த பருத்திச் சட்டையையும் கால்சட்டையையும் அணிந்து, இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு தரையில் உருண்டு புரள்வதே பிரேசிலிய ஜியு-ஜிட்சுவின் வழக்கமான பயிற்சி. அந்த உடையை அங்கே கிமோனோ என்கிறார்கள். நான் ரியோவுக்குப் போனதோ கிமோனோ இல்லாமல், ராஷ் கார்ட் என்ற உடலோடு ஒட்டிய மேல்சட்டையும் அரைக்கால் சட்டையும் மட்டும் அணிந்து செய்யும் நோ-கி பயிற்சிக்காக. அதிலும் எக்ஸ் கார்ட் என்ற ஒரே நிலையிலிருந்து எதிராளியைக் கவிழ்க்கும் ஸ்வீப்பைச் சரியாகக் கற்றுக்கொள்வதற்காக.

இந்தக் கலையோடு பழக்கமில்லாதவர்களுக்குச் சிறிது விளக்கம் தேவைப்படலாம். மல்லாந்து கிடந்தபடி கால்களாலும் கைகளாலும் எதிராளியைக் கட்டுப்படுத்தும் நிலைக்கு கார்ட் என்று பெயர். அந்த நிலையிலிருந்து அவரைக் கவிழ்த்துத் தான் மேலே வந்துவிடுவது ஸ்வீப். சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பின் விதிப்படி, மேலே வந்து மூன்று நொடிகள் நிலைத்திருந்தால் 2 புள்ளிகள் கிடைக்கும். கிமோனோ இருந்தால் சட்டைக் கையின் நுனி, கழுத்துப்பட்டை, கால்சட்டையின் கீழ் விளிம்பு எனப் பிடிப்பதற்கு எத்தனையோ இடங்கள் உண்டு. பிடித்தபடியே சற்று யோசிக்கவும் அவகாசம் கிடைக்கும். கிமோனோவைக் கழற்றிவிட்டால் எஞ்சுவது வியர்வையில் வழுக்கும் தோல் மட்டுமே. அங்கே யோசிப்பவரின் கையிலிருந்து கணுக்கால் நழுவிப்போய்விடும்.

பகல் நேரங்கள் எனக்குச் சும்மா கிடந்ததால், இந்தக் கலையின் பழைய தடங்களைத் தேடி நடந்தேன். ஃபிளமெங்கோ பகுதியில் உள்ள மார்க்கேஸ் டி அப்ராண்டெஸ் தெருவில்தான் 1925-இல் கார்லோஸ் கிரேசி தம் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார் என்று வரலாறுகள் சொல்கின்றன. இன்று அது அடுக்குமாடிக் கட்டடங்களும் மருந்துக்கடைகளும் நிறைந்த, பேருந்துகள் இரைந்துகொண்டு போகும் சாதாரணத் தெரு. அதைப் பார்ப்பதற்கென்றே யாரும் போக வேண்டியதில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது பார்ரா டா திஜூக்காவில் உள்ள பெப்பே கடற்கரை. 1988-இல் ரிக்சன் கிரேசியும் ஹூகோ டுவார்த்தேயும் அங்கே மணலில் கட்டிப் புரண்டு சண்டையிட்டார்கள். ஹூகோ டுவார்த்தே, லூத்தா லீவ்ரே என்ற மல்யுத்த மரபைச் சேர்ந்தவர். கிமோனோ அணியாமலேயே பயிலும் அந்த மரபு, ரியோவில் ஜியு-ஜிட்சுவுக்குப் பல பத்தாண்டுகள் பகையாளியாக இருந்தது. கிமோனோ வாங்க வசதியில்லாதவர்கள் அந்தப் பக்கம் போனார்கள் என்றும், ஜியு-ஜிட்சு நகரின் தெற்கு மண்டலத்து வசதியான பிள்ளைகளின் கலையாக இருந்தது என்றும் இங்கே பலர் சொல்வார்கள். வெறும் உடம்போடு பிடிக்கும் பிடிகளை ஜியு-ஜிட்சுக்காரர்கள் அக்கறையோடு எடுத்துக்கொண்டதில் அந்தப் பகைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதே என் எண்ணம்.

1991-இல் க்ராஜவூ டென்னிஸ் கிளப்பில் இரு தரப்புக்கும் நேரடி மோதல் நடந்தது. மூன்று சண்டைகளையும் ஜியு-ஜிட்சு தரப்பே வென்றது. வென்ற மூவரில் ஒருவர் ஃபாபியோ குர்ஜெல். பின்னாளில் சாவ் பாவுலோவில் அவரிடம் பயின்றவர் மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தின் ஃபோர்மீகா என்ற ஊரைச் சேர்ந்த மார்செலோ கார்சியா. எக்ஸ் கார்டைக் கண்டுபிடித்தவர் அவர் என்று சொல்ல முடியாது. ஆனால் உலகம் முழுவதும் அதைக் கற்கத் தொடங்கியது அவரைப் பார்த்துத்தான். 2003-இல் சாவ் பாவுலோவில் நடந்த ஏடிசிசி என்ற உலக அளவிலான பிடிச்சண்டைப் போட்டியில், தகுதிச் சுற்றில் தோற்றும் மாற்று ஆளாக இடம்பெற்று, ரென்சோ கிரேசி, விட்டோர் ஷாவோலின் ரிபெய்ரோ போன்ற பெரிய பெயர்களை வென்று 77 கிலோ பிரிவில் பட்டம் பெற்றார். 2005, 2007, 2011 ஆகிய ஆண்டுகளிலும் அதே பட்டத்தை வென்றார். 2007-இல் எடை வரம்பற்ற பிரிவிலும் இறுதிச் சுற்று வரை போய், ராபர்ட் டிரைஸ்டேலிடம் தோற்றார். ஏடிசிசி போட்டிகளில் கிமோனோ கிடையாது. அத்தகைய மேடையில் தம்மைவிடக் கனத்தவர்களுக்கு அடியில் புகுந்து அவர்களைத் தூக்கிக் கவிழ்த்தவரின் முறை என்பதால்தான், எடை குறைந்த எனக்கு இதன்மேல் இவ்வளவு நாட்டம்.

நான் பயின்ற கூடம் கோப்பகபானாவில், ஒரு கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. வாரத்தின் பெரும்பகுதி கிமோனோ வகுப்புகள். நோ-கி வகுப்பு சில மாலைகளில் மட்டும். கடலில் அலைச்சறுக்கு முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வருபவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுடைய தோளிலும் கெண்டைக்காலிலும் சன்ஸ்கிரீன் பூச்சு அப்படியே இருக்கும். பிடித்தால் கை வழுக்கிக்கொண்டு போகும். ஆசிரியர் அவர்களை வாசலிலேயே நிறுத்திக் குளித்துவிட்டு வரச் சொல்வார். கிமோனோ வகுப்பில் இது ஒரு பொருட்டே அல்ல.

இனி அந்த நிலையைப் பார்ப்போம். எதிராளி நின்றுகொண்டிருக்கிறார், நான் அவருடைய கால்களுக்கு அடியில் கிடக்கிறேன். அவருடைய இடது கால் என் வலது தோளின் மேல் இருக்கிறது. அதை என் வலது கையால் சுற்றி அணைத்திருக்கிறேன். என் இரண்டு பாதங்களும் அவருடைய வலது காலில் மாட்டப்பட்டிருக்கின்றன: ஒன்று முழங்காலின் பின்புறத்தில், மற்றொன்று தொடை இடுப்போடு சேரும் இடத்தில். என் கால்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால்தான் எக்ஸ் என்ற பெயர். இந்த நிலைக்குப் போகும் இயல்பான வழி பட்டர்ஃப்ளை கார்ட். உட்கார்ந்தபடி என் பாதத்தை அவர் தொடையின் உட்புறத்தில் கொக்கியாக மாட்டி அவரைத் தூக்க முயலும்போது, கவிழாமல் இருக்க அவர் எழுந்து நிற்கிறார். அவர் எழும் அந்த நொடியில், மாட்டிய கொக்கியை விடாமல், அவருடைய எழுச்சியோடு சேர்ந்தே நான் அவருக்கு அடியில் வழுக்கிப் போகிறேன். அவர் நின்று முடித்த பிறகு புகுவதற்கு இடம் இருக்காது.

காணொளிகளில் இதைப் பார்க்கும்போது கண் பாதங்களிலேயே நிற்கும்; எக்ஸ் என்பதே பாதங்களின் வேலை என்று தோன்றும். ஆசிரியர் முதலில் பார்த்ததோ என் தோளை. எதிராளியின் கணுக்கால் என் காதோடு ஒட்டியிருக்க வேண்டும், முழங்கை விலாவோடு இறுகியிருக்க வேண்டும், உள்ளங்கைப் பிடியை நம்பவே கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. இதை உடம்பில் ஏற்ற அவர் கொடுத்த பயிற்சி விசித்திரமானது: இரண்டு கைகளாலும் என் ராஷ் கார்டையே நெஞ்சருகில் பிடித்துக்கொண்டு, எதிராளியைத் தோளாலும் கொக்கிகளாலும் மட்டுமே தாக்குப்பிடிக்க வேண்டும். முழங்கையை மடித்தால் அவருடைய காலை அதன் மடிப்பில் நெருக்கிப் பிடிக்கலாம்; விரல்களுக்கு வேலை இல்லை. கணுக்காலின் குமிழ் எலும்பு என் கழுத்துப் பட்டை எலும்பின்மேல் அழுந்தி அழுந்தி அந்த இடம் கன்றிப் போயிருந்தது. அந்தக் கன்றலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கால் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்திருக்கிறது என்று ஆசிரியர் திருப்திப்பட்டார்.

தோள் இறுகிய பிறகுதான் பாதங்களுக்கு அர்த்தம் வருகிறது. இரண்டு கால்களையும் சேர்த்து நீட்டித் தள்ளும்போது, எதிராளியின் வலது கால் என்னிடமிருந்து விலகிப் போகிறது. இடது காலோ என் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டு கால்களுக்கும் இடையிலான தொலைவு கூடக்கூட அவருடைய நிலைப்பு குலைகிறது. கடப்பாறையால் கல்லை நெம்புவது போல, இங்கே வலிமையைவிட எந்த இடத்தில் முட்டுக் கொடுக்கிறோம் என்பதே முக்கியம். மேல் பாதம் தொடையில் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டாலும் தள்ளுவிசை முழங்காலோடு நின்றுவிடும், இடுப்பு அசையாது. கனத்த ஆளாக இருந்தால் வித்தியாசம் உடனே தெரியும்: சரியான இடத்தில் முட்டுக் கொடுத்துத் தள்ளும்போது என் தோளின் மேலிருந்த கனம் சட்டென்று காணாமல் போகிறது. அந்தக் கால் வெறுமையாகிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

அந்த நொடியில் என்ன செய்வது என்பதில்தான் கிமோனோவுக்கும் நோ-கிக்கும் உள்ள பெரிய பிளவு இருக்கிறது. கிமோனோவில் சட்டைக் கையைப் பிடித்திருந்தால், கையை ஊன்ற விடாமல் அவரை அப்படியே என் தலைப்பக்கமாகவோ பக்கவாட்டிலோ சாய்த்துவிட முடியும். கீழே கிடந்தபடியே ஸ்வீப் முடிந்துவிடும். கிமோனோ இல்லாதபோது அவருடைய கைகள் சுதந்திரமாக இருக்கின்றன, இரண்டையும் தரையில் ஊன்றிக்கொள்கிறார். இங்கே மேலும் மேலும் தள்ளிக்கொண்டிருப்பது வீண். கொக்கிகளை விட்டுவிட்டு, இடது கையைத் தரையில் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, ஒரு காலை அடியில் இழுத்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும். தோளில் இருக்கும் கால் மட்டும் தோளிலேயே இருக்க வேண்டும். எழுந்து நிற்கும்போது பார்த்தால், மல்யுத்தக்காரர் பிடிக்கும் ஒற்றைக்கால் பிடி ஏற்கெனவே நம் கையில் இருக்கும். அங்கிருந்து முன்னோக்கி நடந்தால் அவர் ஒற்றைக்காலில் தத்தித் தத்திப் பின்வாங்கி உட்கார்ந்துவிடுவார்.

நான் தள்ளிக்கொண்டே கிடக்கும்போதெல்லாம், பயிற்சி விரிப்பின் ஓரத்திலிருந்து ஆசிரியர் "லெவாந்தா! லெவாந்தா!" என்று கத்துவார், எழுந்திரு என்று. நோ-கி எக்ஸ் கார்ட் ஸ்வீப் என்பது உண்மையில் ஒரு நின்ற மல்யுத்தம். அதன் முதல் பாதி மட்டும் தரையில் நடக்கிறது. பாதங்கள் செய்வதெல்லாம் எழுவதற்கான அவகாசத்தைச் சம்பாதித்துக் கொடுப்பதுதான். கூடத்தில் இதை மிகச் சுத்தமாகச் செய்தவர்கள் கால்கள் நீண்டு நெகிழ்ந்த இளைஞர்கள் அல்லர். லூத்தா லீவ்ரே பயின்றுவிட்டு வந்திருந்த, நரைத்த தலையுடைய ஒருவர். அவர் எக்ஸ் நிலையில் தங்குவதே இல்லை. கொக்கிகளை மாட்டுவதும் தள்ளுவதும் எழுவதும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். எதிரே இருப்பவருக்குத் தம் கால் பிடிபட்டிருக்கிறது என்று தெரியும்போது இந்த நரைத்த தலைக்காரர் எழுந்து நின்றுகொண்டிருப்பார்.

எதிராளி எப்போதும் கைகளை ஊன்றுவார் என்றும் சொல்ல முடியாது. அவர் முதுகை நிமிர்த்திப் பின்னோக்கிச் சாய்ந்தால், இடது கையால் அவருடைய வலது குதிகாலை அடைத்துக்கொண்டு தள்ளினால் போதும், மல்லாந்து விழுந்துவிடுவார். கிமோனோவில் இதற்குக் கால்சட்டை விளிம்பைப் பிடிப்பார்கள். இங்கே குதிகாலை உள்ளங்கைக் குழியில் ஏந்துகிறோம், பாதத்தின் வடிவமே நழுவலைத் தடுக்கிறது. அவர் திரும்பி ஓடப் பார்த்தால் அவருடைய முதுகுப் பக்கம் பிடிக்கக் கிடைக்கும். ஏடிசிசி விதிகளில் இந்தத் தேர்வுகளுக்குத் தனி மதிப்பு உண்டு: ஸ்வீப் செய்த பிறகும் எதிராளி கார்டில் வைத்துக்கொண்டால் 2 புள்ளிகள்தாம், கால்களைத் தாண்டி நேராகப் பக்கவாட்டில் போய் இறங்கினால் 4. எழுந்து நின்று காலைப் பிடித்து முடிப்பவருக்கு அந்த 4 புள்ளிகளை எட்டுவது கீழே கிடந்து கவிழ்ப்பவரைவிட எளிது.

வகுப்பு முடிந்ததும் எல்லோரும் போவது தெருமுனை ஜூஸ் கடைக்கு. அசாயீ என்ற பனைப்பழத்தின் உறைந்த கூழில் வாழைப்பழத்தையும் கிரனோலாவையும் போட்டுத் தருவார்கள். ரியோவில் அதில் குவாரனா பாகும் சேர்ப்பதால் எனக்குத் தித்திப்பு அதிகமாகவே தெரிந்தது. அந்தக் கடையின் முன்னால் நின்றபடிதான், என்னைவிட நன்றாகக் கனத்த ஒரு பயிற்சித் தோழர் தாம் என் எக்ஸ் கார்டை எப்படிக் குலைக்கிறார் என்பதை நடைபாதையிலேயே செய்து காட்டினார். என் தோளில் இருக்கும் காலைப் பற்றி அவர் கவலைப்படுவதில்லை. தொடையில் இருக்கும் மேல் பாதத்தைக் கையால் கீழே தட்டிவிட்டு, அதே முழங்காலை உள்நோக்கி மடித்து என் மேல் இறக்குகிறார். எக்ஸ் அங்கேயே சரிந்துவிடுகிறது.

மறுவகுப்பில் இதை ஆசிரியரிடம் கேட்டேன். மேல் பாதம் தட்டப்படும்போது அதைத் திரும்ப மாட்டப் போராடாமல், இரண்டு கால்களையும் தோளோடு இருக்கும் காலுக்கே மாற்றி, ஒற்றைக்கால் எக்ஸ் என்ற நிலைக்குப் போய்விடச் சொன்னார்: ஒரு பாதம் அவர் இடுப்பில், மற்றொன்று அதே தொடையின் பின்னால், அவருடைய குதிகால் என் அக்குளில். இன்றைய நோ-கியில், எதிராளியின் குதிகாலை முறுக்கிச் சரணடைய வைக்கும் பிடிகள் தொடங்கும் நிலைகளில் ஒன்று இது. சர்வதேசக் கூட்டமைப்பும் 2021 முதல் பழுப்பு, கறுப்புப் பட்டையுள்ள பெரியவர்களுக்கு நோ-கி போட்டியில் அந்தப் பிடிகளை அனுமதித்திருக்கிறது. ஆதலால் எதிராளி அங்கே நிதானமாக நிற்க மாட்டார், காலை உருவிக்கொள்ள அவசரப்படுவார். அவர் பின்னால் இழுக்கும் அந்த இழுப்பிலேயே எழுந்துவிடலாம். எக்ஸிலிருந்து ஒற்றைக்கால் எக்ஸுக்கும் அங்கிருந்து நின்ற நிலைக்கும் மாறும் இந்தச் சங்கிலியைத்தான் ஊர் திரும்பும் வரை அந்தக் கனத்த தோழரோடு பழகினேன். மேல் பாதத்தை அவர் தட்டுவதற்குச் சற்று முன்பே நானே அதை எடுத்துவிடும்போது சங்கிலி அறுபடாமல் ஓடுகிறது. தட்டிய பிறகு எடுத்தால் பெரும்பாலும் அவருடைய முழங்கால் முந்திக்கொள்கிறது.