மெர்சிங் சூரை: படுத்தியது மீன் அல்ல, பாஸ்போர்ட்

சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் மெர்சிங்குக்குக் காரில் மூவராக மீன்பிடிக்கப் போனோம். மூன்று நீளவால் சூரை, ஒவ்வொன்றும் 6, 7 கிலோ. பிடித்து, வெட்டி, வீட்டுக்கும் கொண்டுவந்தாயிற்று. ஆனால் காலை 7 மணிக்குக் கிளம்பவேண்டிய படகு 10 மணிக்குத்தான் மெர்சிங்கை விட்டது.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டை தேவையில்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நிரந்தரவாசிக்குத் தேவை. அதையும் போவதற்கு முந்தைய 3 நாள்களுக்குள்தான் நிரப்ப முடியும். எங்களில் ஒருவர் நிரப்பித்தான் இருந்தார். ஆனால் பாஸ்போர்ட் அண்மையில் புதுப்பித்தது. போனில் சேமித்திருந்த பழைய எண் தானாக விழுந்துவிட்டது. மலேசியக் குடிநுழைவு முகப்பில் இருந்தவர் என்ன தவறு என்றுகூடச் சொல்லவில்லை. ஓரமாகப் போ என்று கையைக் காட்டினார், அவ்வளவுதான். "எண்ணைப் பாத்தியாடா?" என்று கேட்டதற்கு, "பேரு சரியா இருந்துச்சுண்ணே" என்று பதில்! மறுபடி நிரப்பி, மறுபடி வரிசையில் நின்றதில் ஒன்றரை மணி நேரம் காலி. சிங்கப்பூரை விட்டுப் போகும் காரில் இருக்கவேண்டிய முக்கால் டாங்க் பெட்ரோல், மலேசியாவுக்குள் காரின் நுழைவு அனுமதி இரண்டிலும் சிக்கல் இல்லை.

அந்த ஒன்றரை மணி நேரம் மெர்சிங்கில் மூன்றாகிவிட்டது. அங்கே ஆற்று வாயில் தண்ணீர் வற்றினால் படகு அடிதட்டும், ஏறும்வரை காத்திருக்க வேண்டும். தியோமான் தீவுக்கான படகுச்சேவைகூட நீரேற்றம் பார்த்துத்தான் ஓடுகிறது. ஆகவே தெக்கோங் (படகோட்டி) கிளம்பும் நேரம் சொன்னால், எத்தனை மணி வரை தாமதிக்கலாம் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தீவுகளைச் சுற்றி 2 கடல் மைல் வரை கடல் பூங்கா, அங்கே தூண்டில் போடக்கூடாது. அதையும் தாண்டித்தான் ஓட வேண்டும்.

ஆலாப் பறவைகள் கூட்டமாகத் தண்ணீரில் குத்தினால் கீழே சூரை நெத்திலியைத் துரத்துகிறது என்று பொருள். முதல் இரண்டு கூட்டங்களையும் நாங்களே கெடுத்தோம். படகு நேராக உள்ளே போனது, மீன் அடியில் இறங்கிவிட்டது. காற்றுக்கு மேற்பக்கமாகச் சுற்றி வந்து, 40 மீட்டர் தள்ளியே எஞ்சினைத் தணித்து, படகைத் தானாக மிதக்கவிட வேண்டும். ஜிக் எனும் உலோகப் போலி மீனும் இரையின் அளவில் இருக்க வேண்டும். 60 கிராமைத் திரும்பியும் பார்க்காத மீன், விரல் நீளம்கூட இல்லாத 20 கிராமை முதல் வீச்சிலேயே கவ்வியது. கூட்டம் போகும் திசைக்கு முன்னால் வீசி, கை வலிக்கும் வேகத்தில் சுற்றுங்கள். நிறுத்தி நிறுத்தி இழுத்தால் சூரை ஏமாறாது.

லைன் (பின்னல் நூல்) பிஇ 2.5 தடிமன், குறைந்தது 300 மீட்டர். அதன் நுனியில் கட்டும் லீடர் 30 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பு. மீன் இழுக்கும்போது லைனை விடும் டிராக் 4 கிலோ. முதல் ஓட்டத்தில் 150 மீட்டர் போகும், விடுங்கள். ஆபத்து கடைசியில்தான். படகுக்கு நேர் கீழே வட்டமடிக்கும்போது பின்னல் லைன் படகின் அடியில் ஒருமுறை உரசினால் போதும். ஒரு மீன் அப்படித்தான் போனது. மீன் சுற்றும் பக்கத்துக்கு நீங்களும் நடக்க வேண்டும். தூண்டில் ராடை நெஞ்சுக்கு மேல் தூக்கினால் நுனி முறியும்.

சூரைக்கு உடம்புச் சூடு அதிகம், போராடினால் இன்னும் ஏறும். மீன் படகில் ஏறியதும் மூளையில் குத்தி, பக்கத்துடுப்புக்கு மூன்று விரல் பின்னால் இருபுறமும் கீறி, செவுளையும் அறுத்து, இரத்தம் வடியவிடுங்கள். பிறகு செவுள், குடல் நீக்கி ஐஸ் தண்ணீரில். இரண்டு பங்கு ஐஸ், ஒரு பங்கு கடல்நீர். வெறும் ஐஸ் கட்டிமேல் வைத்தால் தொடுகிற இடம்தான் குளிரும். இதில் சோம்பினால் மீனில் ஹிஸ்டமின் எனும் நச்சு உருவாகும். சாப்பிட்டால் முகம் சிவந்து தடிப்பு வரும். புளி ஊற்றி எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது.

திரும்பும்போது சிங்கப்பூருக்குள் சொந்தச் சாப்பாட்டுக்கென்று ஆளுக்கு 5 கிலோ கடலுணவுதான். மூவருக்கு 15, மீனோ முழுசாக 20 கிலோ. தலை, முள் நீக்கினால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். ஆகவே படகுத்துறையிலேயே சதையாக வெட்டி, ஆளுக்கு ஒரு பையாகத் தனித்தனியே எடை போட்டோம். ஆளுக்கு மூன்றரைக் கிலோவுக்குள் அடங்கியது. தலைகள் தெக்கோங்குக்கு.